அதிபரின் கடிதம்: பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்கள் பற்றி

அன்பான பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். "எங்கட காலத்தில வந்த நிகழ்ச்சியள் எவ்வளவு நல்லது, இப்ப பிள்ளையள் பாக்கிறதெல்லாம் குப்பை" என்ற பேச்சு பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இதில் பாதிதான் சரி. 1982 இல் இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபின் டைட்டஸ் தொடவத்த குரல்மாற்றித் தந்த கார்ட்டூன்கள் சிங்களத்தில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் உயரமான குழாயில் அன்ரனா கட்டி, பூஸ்டர் பூட்டித் தூரதர்ஷன் பார்த்தார்கள். 1990 இற்குப் பிறகு பல வருடங்கள் மின்சாரமே இல்லை. தமிழில் பிள்ளைகளுக்கான சுட்டி ரிவி வந்தது 2007 இல். அடியும் துரத்தலும் பழைய கார்ட்டூன்களிலும் தாராளமாகவே இருந்தன.

ஆனால் அந்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு முடிவு இருந்தது. அரை மணித்தியாலம் போனால் அடுத்து செய்தியோ பெரியவர்களின் நிகழ்ச்சியோ வந்துவிடும். பிள்ளை தானாக எழும்பி முற்றத்துக்குப் போய்விடும். இன்று ஒரு வீடியோ முடிந்து சில விநாடிகளில் அடுத்தது ஓடத் தொடங்குகிறது. எழும்புவதற்கு ஓர் இடமே கிடைப்பதில்லை. அந்த முடிவை வீட்டில் நாங்கள்தான் வைக்க வேண்டும்.

முதலில், போனில் யூரியூப் வீடியோ ஓடும்போது திரையின் மேற்பக்கத்தில் தெரியும், அடுத்ததைத் தானாக ஓடவிடும் 'ஓட்டோபிளே' பொத்தானை நிறுத்துங்கள். போனில் நிறுத்தினால் ரிவியிலும் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே பாருங்கள். அம்மம்மாவின் போனையும் மறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் 'ரெஸ்ட்ரிக்ரட் மோட்' என்பதையும் செற்றிங்ஸில் போட்டுவிடலாம். அது எல்லாவற்றையும் தடுக்காது. 2017 இல் உலகெங்கும் பேசப்பட்ட சிக்கலில், பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் உருவங்களை வைத்தே வன்முறை வீடியோக்கள் செய்து பரப்பியிருந்தார்கள். முகப்புப் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும். ஆகவே ஹெட்போன் வேண்டாம், அறைக்கதவைச் சாத்தவும் வேண்டாம். ரிவி இருந்தால் விறாந்தையிலோ ஹோலிலோ எல்லோரும் நடமாடும் இடத்தில் பார்க்கட்டும்.

அடுத்தது, இரவில் நீங்கள் பார்க்கும் சண்டைக் காட்சிகள். அதே கணக்கில் பிள்ளை பார்த்தால் மறுநாள் அவைதான் பரிந்துரையாக வந்து நிற்கும். பார்த்தவற்றின் வரலாற்றை அடிக்கடி அழித்துவிடுங்கள். பிள்ளை தேடித் தட்டாமல், நீங்களே தெரிந்தவற்றை ஒரு பிளேலிஸ்டில் போட்டு வையுங்கள். பழைய சினிமாக் கார்ட்டூன் ஒன்று ஏறத்தாழ 7 நிமிடம், மூன்று போதும். ஓட்டோபிளே நின்றிருந்தால் மூன்றாவதோடு திரையும் நிற்கும்.

பெரும்பாலான வீடுகளில் அழுகை வருவது கதையின் நடுவில் போனைப் பறிப்பதால்தான். தரம் 1, 2 பிள்ளைக்குப் "பத்து நிமிசம்" என்றால் எவ்வளவென்று விளங்காது. "இண்டைக்கு மூண்டு கார்ட்டூன்" என்று தொடங்கும்போதே சொல்லி, மூன்றாவது தொடங்கும்போது ஒருதரம் நினைவுபடுத்துங்கள். முடிந்த கையோடு அடுத்த வேலை ஆயத்தமாக இருக்கட்டும்: தேத்தண்ணி, சைக்கிள், பூமரத்துக்குத் தண்ணீர், எதுவானாலும் சரி. சும்மா "போய் விளையாடு" என்றால் பிள்ளை போனையே சுற்றிக்கொண்டு நிற்கும்.

'ஷோர்ட்ஸ்' எனும் யூரியூப்பின் குட்டி வீடியோக்கள் பற்றி ஒரு சொல்: அதைக் கொடுக்கவே வேண்டாம். விரலால் தள்ளத்தள்ள வந்துகொண்டிருக்கும்; அதில் கதையும் இல்லை, முடிவும் இல்லை. வெளிநாட்டிலுள்ள அப்பாவோடு வீடியோவில் கதைப்பது இதில் சேராது. அது தாராளமாக நடக்கட்டும். வீட்டில் 2 முதல் 4 வயதுத் தம்பி, தங்கை இருந்தால், நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டுப் பரிந்துரை. சோறு தீத்துவதற்குப் போன் காட்டும் பழக்கம் இருந்தால், முதலில் காலைச் சாப்பாட்டில் நிறுத்துங்கள். இரவில் பிள்ளைக்கும் களைப்பு, உங்களுக்கும் களைப்பு. அங்கே தொடங்கினால் இரண்டு நாளில் கைவிட்டுவிடுவீர்கள்.

போனில் இவற்றைச் செய்யத் தெரியாதவர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள். வகுப்பாசிரியர்கள் காட்டித் தருவார்கள். கடவுச்சொல்லை நீங்களே அழுத்துங்கள், யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
அதிபர்