மாத்திரை நேரத்தில் உளுந்துப் பால் வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில் நரம்புக்கு வலுவூட்டும் உணவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றில் பாலில் உளுந்து மாவு, பாதாம், பூனைக்காலி விதைப் பொடி கலந்து குடிக்கலாம் என்று அதில் இருந்தது. என் கணவருக்குப் பல வருடங்களாக அந்த நோய். அவருக்குச் சமைப்பதும் மாத்திரை கொடுப்பதும் நான்தான். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்து முத்தான கையெழுத்து. நோய் முதலில் தெரிந்தது அந்தக் கையெழுத்தில்தான். பென்ஷன் தாளில் பெயரின் முதல் எழுத்து வழக்கமான அளவில் இருக்கும், போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து வெறும் புள்ளியாகி நிற்கும். கை நடுக்கம் அப்புறம்தான் வந்தது.

இந்த நோய்க்கு முக்கிய மருந்து லெவோடோபா. அது சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. பால், பருப்பு, முட்டை, மீன் இவற்றிலுள்ள புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் மருந்து பின்தங்கிவிடும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்திலும் அதே போட்டிதான்.

இதை நான் வீட்டில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பொங்கல், வடை, சாம்பார் என்று சாப்பிட்டு, கையோடு மாத்திரையும் போட்ட நாட்களில் மதியம் வரை மருந்து வேலை செய்யாது. குளியலறை வாசற்படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுவார். மேல் உடம்பு முன்னால் சாயும், பாதம் மட்டும் தரையை விட்டு எழும்பாது. இப்போது காலை 6 மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணி நேரம் கழித்து இட்லியும் தக்காளிச் சட்னியும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளியாயிற்று. காலையில் வாசல் வரை தானே நடந்து போய்ப் பேப்பர் எடுத்து வருகிறார்.

இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு இளம் பயிற்சி மருத்துவர். "அம்மா, மாத்திரை போடுறப்ப ஐயா என்ன சாப்பிடுறார்?" என்று கேட்டார். அதற்கு முன் நாங்கள் பார்த்த மருத்துவமனையில் யாரும் அதைக் கேட்டதில்லை. மாத்திரை உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்ற கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். ஆரம்பத்தில் குமட்டல் வராமல் இருக்க அப்படிக் கொடுப்பதுண்டு, அது தவறில்லை. ஆனால் நோய் முற்ற முற்ற, மருந்தின் வேகம் ஏறி இறங்க ஆரம்பித்த பிறகு, சாப்பாட்டு நேரத்தைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோபாவைச் சேரவிடாது என்பதையும் அந்தப் பிள்ளைதான் சொன்னார். எல்லோருக்கும் புரதத்தால் இப்படி ஆவதில்லை என்றும், பருப்பை அடியோடு நிறுத்தினால் உடம்பு இளைத்துவிடும் என்றும் சேர்த்தே சொன்னார்.

பூனைக்காலிக்கு வருகிறேன். அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தானது 1960-களில்தான். நம் ஊர் ஆய்வகத்தின் இந்த வேலையை நம் பத்திரிகைகளே சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே பூனைக்காலியை நான் குறைத்துப் பேசவில்லை. அது மருந்து, அதனால்தான் பயப்படுகிறேன். நாட்டு மருந்துக் கடைப் பொடியில் ஒரு ஸ்பூனில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் அதையும் குடித்தால் அளவு கூடிப்போகும். உடம்பு தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும், எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உங்கள் கட்டுரை சொன்ன அந்த ஒரு டம்ளரில் மருந்தைத் தடுக்கும் பாலும் உளுந்தும் இருக்கின்றன, மருந்தைக் கூட்டும் பொடியும் இருக்கிறது. எது எந்த நாளில் மேலோங்கும் என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கணக்குப் போடுவது?

காபி குடித்தால் இந்த நோய் வராது என்றும் அதே கட்டுரையில் இருந்தது. ஹவாய்த் தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், காபி குடிப்பவர்களுக்கு நோய் குறைவாக வந்தது உண்மை. அதனால் காபிதான் காத்தது என்று ஆகிவிடாது. நோய் வந்தவர்களுக்குக் காபியில் உள்ள காஃபீனைக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வில் அறிகுறிகள் குறையவில்லை. என் கணவர் சின்ன வயதிலிருந்தே காலையும் மாலையும் டிகிரி காபி குடித்தவர்.

அதே ஹவாய் ஆய்வில், மலச்சிக்கல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இந்த நோய் அதிகம் வந்ததாக 2001-இல் எழுதியிருந்தார்கள். குடலுக்கும் இந்த நோய்க்கும் என்ன உறவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன்.

அந்தக் கட்டுரைக்கு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தில் இதையும் சேருங்கள்: பூனைக்காலிப் பொடியைக் கொஞ்ச காலமாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லால்குடி