பெயரைத் தட்டினால் மட்டும் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் பணம் அங்குள்ள மாநில அரசுகளிடம் கேட்பாரற்றுக் கிடப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அந்த அரசுகளின் தேடல் தளங்களைப் பற்றி, 'தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தமிழ்ப் பெயர்களுக்குச் சிக்கலே அங்கேதான். ஒரு தடவை தட்டிப் பார்த்து, ஒன்றும் வராததால் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

செந்தில்குமார் என்று ஒருவர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி, இனிஷியலும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் செந்தில்குமார் என்பது குடும்பப் பெயராகப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த விசாவைப் பார்த்துப் பதிவு செய்யும் கம்பெனியில் அவர் 'எஃப்.என்.யு செந்தில்குமார்'. வங்கியில் அதுவே தலைகீழாக, எஃப்.என்.யு குடும்பப் பெயராக இருக்கலாம். அபார்ட்மென்ட் அலுவலகத்தில் 'செந்தில்' தனி, 'குமார்' தனி. மின்சாரக் கம்பெனியில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். ஆக, ஒரே ஆளுக்கு நான்கு பெயர். அதனால் குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயர், அப்பா பெயர், எஃப்.என்.யு என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். முதற்பெயரைக் காலியாக விட்டு, ஊர்ப் பெயரை வைத்து வடிகட்டுவது இன்னும் நல்லது. சுப்ரமணியனின் கடைசி எழுத்து 'என்' ஆகவும் இருக்கும், 'எம்' ஆகவும் இருக்கும். மீனாட்சிசுந்தரம் போன்ற நீளப் பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது முதல் பத்து எழுத்தோடு நிறுத்தித் தேட வேண்டியதுதான்.

அடுத்த கேள்வி எந்த மாநிலம் என்பது. நம் ஊரில் 10 ஆண்டு தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. நாடு முழுவதற்கும் ஒரே இடம். அங்கே அப்படியில்லை. 1965-இல் டெக்சாஸ், நியூ ஜெர்சி மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிதான் இன்றும்: கம்பெனியின் ஏட்டில் உங்கள் கடைசி முகவரி எந்த மாநிலமோ, பணம் அந்த மாநிலத்துக்கு. முகவரியே இல்லாவிட்டால், கம்பெனி பதிவான மாநிலத்துக்கு. பெரிய கம்பெனிகள் பலவும் டெலாவேரில் பதிவானவை. டெலாவேரில் கால் வைத்திராதவரின் பணமும் அங்கே இருப்பது இதனால்தான். ஊர் திரும்பும்போது பொறுப்பாக மதுரை முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தவரின் பணமும், அது எந்த மாநிலத்து முகவரியும் அல்ல என்பதால், அப்படி அங்கே போயிருக்கலாம். கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலை டல்லாஸில் நடந்திருக்கும். சம்பளப் பதிவில் நியூ ஜெர்சி அலுவலக முகவரியே இருந்திருக்கும். ஆகவே வாழ்ந்த மாநிலம், சம்பளம் போட்ட மாநிலம், டெலாவேர் மூன்றிலும் தேடுவது நல்லது. 'மிஸ்ஸிங்மணி' என்ற பொதுத் தளம் பல மாநிலங்களை ஒருசேரத் தேடும். அதோடு நிறுத்தாமல் அந்தந்த மாநிலத்தின் சொந்தத் தளத்துக்கும் போங்கள். துறையின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் கன்ட்ரோலர், டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் கம்ப்ட்ரோலர், இல்லினாயில் ட்ரெஷரர். மாநிலத் தளத்தின் முகவரி 'கவ்' (.gov) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடப்பவை பெரும்பாலும் வீட்டு அட்வான்ஸின் மீதி, மின்சார டெபாசிட், இன்சூரன்ஸ் திருப்பித் தந்தது, மாற்றாத கடைசிச் சம்பளச் செக் போன்ற சின்னத் தொகைகள்தான். கலிபோர்னியாவில் சம்பளப் பாக்கி 1 ஆண்டிலும் வங்கிக் கணக்கு 3 ஆண்டிலும் அரசிடம் போய்விடும். கோருவதற்குக் கெடு கிடையாது. கட்டணமும் கிடையாது.

சின்னத் தொகை என்று தள்ளிவிட முடியாதது பங்குகள். கம்பெனி கொடுத்த பங்குகளைத் தரகுக் கணக்கில் அப்படியே விட்டு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது இது. கலிபோர்னியாவில் 3 ஆண்டு தொடர்பில்லாமல் போனால் பங்குகள் மாநிலத்துக்கு மாற்றப்படும். கம்பெனி அறிக்கை தர வேண்டிய கடைசி நாளிலிருந்து 18 மாதத்துக்குப் பிறகு, 20 மாதத்துக்குள் மாநிலம் அவற்றை விற்றுவிடும். அதன் பின் போய்க் கேட்டால் விற்ற அன்றைய தொகைதான். பங்கு பிறகு ஐந்து மடங்கு ஏறியிருந்தாலும் உங்களுக்கு இல்லை. இது உரியவருக்கு அநியாயம் என்பதே என் எண்ணம், ஆனால் சட்டம் அதுதான். டிவிடெண்ட் தானாக வரவாகிக்கொண்டிருப்பதை நம்பி இருக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை நீங்களே கணக்குக்குள் போய் ஏதாவது ஒரு வேலையைச் செய்யுங்கள்.

ஓய்வூதியக் கணக்கான 401கே பணத்தைப் பலர் மாநிலத் தளத்தில் தேடி ஏமாறுகிறார்கள். திட்டத்துக்குள் இருக்கும்வரை அது அங்கே வராது. வேலையை விட்டபோது இருப்பு 1,000 டாலருக்குக் கீழ் என்றால் கம்பெனி செக்காக அனுப்பிவிடலாம். பழைய முகவரிக்குப் போன அந்தச் செக் மாறாமல் நின்றால் மாநிலத்துக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல், 7,000 டாலர் வரை, உங்கள் பெயரில் ஒரு ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வூதிய) கணக்குக்கு மாற்றியிருக்கலாம். முதலில் கம்பெனியின் மனிதவளத் துறையைக் கேளுங்கள். பிறகு 2024 இறுதியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை தொடங்கிய தேடல் தளம் இருக்கிறது. அது மத்திய அரசினுடையது. அதேபோல அமெரிக்க மத்திய அரசின் வருமான வரி ரீஃபண்டும் மாநிலக் கோரிக்கையில் கிடைக்காது.

பெயர் அகப்பட்ட பிறகு கோரிக்கைகள் சிக்கி நிற்பது பழைய முகவரிக்கான சான்றில். நீங்கள்தான் இன்னார் என்று காட்ட பாஸ்போர்ட் போதும். அன்று அந்த வீட்டில் இருந்தவர் நீங்கள்தான் என்றும் காட்ட வேண்டுமே. கம்பெனி ஆண்டுதோறும் தரும் சம்பள, வரி விவரத் தாளான டபிள்யூ-2 படிவம் சிறந்தது. பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். அந்த எண் நாடு திரும்பியதால் காலாவதி ஆவதில்லை. டபிள்யூ-2 இல்லையென்றால் வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், மின்சார பில். பெயர் எஃப்.என்.யு-வில் கிடந்தால் பழைய விசாப் பக்கத்தின் நகலையும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இதற்காகவே காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கலிபோர்னியாவில் 1,000 டாலரும் அதற்கு மேலும் என்றாலோ, பங்கு அல்லது வங்கி லாக்கர் பொருள் என்றாலோ கையெழுத்துக்கு நோட்டரி தேவை. நம் ஊர் நோட்டரி முத்திரை செல்லும் என்று நீங்களே முடிவு செய்யாமல் மாநில அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து போனால் ஒரு முத்திரைக்கு 50 டாலர். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். அனுப்பிய பின் பரிசீலிக்கக் கலிபோர்னியாவுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுவதால் அது குறையாது.

உரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மட்டும் அங்கே போதாது. மாநிலத்தின் சொந்த உறுதிமொழிப் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டியிருக்கும்.

'உங்கள் பணம் இருக்கிறது, மீட்டுத் தருகிறோம்' என்று கடிதம் போடும் ஏஜென்ட்டுகள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்ல. கலிபோர்னியாவில் அவர்கள் கேட்கக்கூடிய உச்சம் 10 விழுக்காடு, நியூயார்க்கில் 15. அவர்கள் செய்வது நீங்களே இலவசமாகச் செய்யக்கூடியதுதான். ஆனால் முன்பணம் கேட்டாலோ, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னாலோ அது திருட்டு. எந்த மாநில அரசும் அப்படிக் கேட்காது.

கட்டுரையில் விட்டுப்போனது இன்னொன்று: பணம் வரும் விதம். பெரும்பாலும் டாலர் செக்காகத்தான் வரும். இங்குள்ள வங்கிகளில் சில அதை வாங்கவே மாட்டா. வாங்குபவையும் வசூலுக்கு அனுப்பி, வாரக் கணக்கில் காக்க வைத்து, கமிஷன் பிடிக்கும். 60 டாலர் செக்கில் கைக்கு என்ன மிஞ்சும் என்பதை முதலில் வங்கியில் கேட்டுவிட்டுக் கோரிக்கை போடுங்கள். அங்கே ஒரு வங்கிக் கணக்கு உயிரோடு இருந்தால் செக்கை மொபைலிலேயே படம் எடுத்துப் போட்டுவிடலாம். திரும்பத் தயாராகிறவர்கள் எல்லாக் கணக்கையும் மூடாமல் ஒன்றை வைத்திருப்பது இதற்காகவும் உதவும். வெளிநாட்டில் இருந்தபோது சேர்த்ததை அங்கேயே வைத்திருக்க நம் அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வரி விஷயத்தில் இங்கே 'சாதாரணக் குடியிருப்பாளர்' ஆகிவிட்ட பிறகு, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்.ஏ அட்டவணையில் காட்ட வேண்டும், இருப்பு பத்து டாலராக இருந்தாலும்.

இப்படிக்கு,
வரிக் கணக்குப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.