ஆண்டறிக்கை 2024–25: வரும் ஃபார்முலா 4 கார்ப் பந்தய சீசனும் நம் கோவைச் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தா அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பாக்கி உள்ளவர்கள் டீ நேரத்தில் அவரைப் பார்த்துவிடவும்.

கடந்த சீசனில் எல்லோரும் பேசியது சென்னை ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தைத்தான். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் நடந்தது. சனிக்கிழமை, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் சான்று வரத் தாமதமானதால் அன்றைய நிகழ்ச்சிகள் மாலைக்குமேல் போய்விட்டன. இருந்தாலும், ரயிலேறிப் போன நம் உறுப்பினர்கள் வாயெல்லாம் பல்லாகத்தான் திரும்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் நடந்த அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, நவம்பரில் அதே சீசன் நம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வந்து முடிந்ததைப் பற்றி நம் ஊரிலேயே யாரும் பேசவில்லை. இந்த வருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டியது செயலாளரின் கடமை என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கார்ட்டிங் என்ற சின்ன வண்டிப் பந்தயத்தில் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் அடுத்து ஏறும் படி ஃபார்முலா 4. சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார். வயது 15 ஆகியிருந்தால் போதும். இத்தாலியில் 2014ல் இதன் முதல் சீசன் நடந்தது. அப்புறம் ஒவ்வொரு நாடாகப் பரவி, எஃப்ஐஏ சான்றுடன் இந்தியாவுக்கு 2023ல் வந்தது. முதல் சாம்பியன் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர் கொண்டுபோனார். எல்லோருக்கும் ஒரே மாதிரி பிரெஞ்சு மைகேல் நிறுவனத்தின் சேஸிஸ் (காரின் உடற்கூடு), ஒரே இன்ஜின், தலையைக் காக்க மேலே ஹாலோ வளையம். அதனால் அப்பா பெரிய இன்ஜின் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. பயிற்சி நாட்கள் வாங்கிக் கொடுத்திருப்பார், அது வேறு கதை. ஃபார்முலா 1 ஓட்டத் தேவைப்படும் சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 4 சாம்பியனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12. தூரம் எவ்வளவு என்று இதிலிருந்தே தெரியும்.

இப்போது, இந்த ஆண்டு செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். வரும் சீசனில் நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கோ பெண் ஒருத்திக்கோ சங்கத்தின் பெயரில் ஸ்பான்சர் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஆசையில் தப்பில்லை. நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்து 2005ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டி, ஃபார்முலா 1ல் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதனும் இந்த ஊர்க்காரர்தான். 1995ல் விமான விபத்தில் இறந்துபோன அவர் பெயரில்தான் நம் டிராக் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஊரில் இப்படி ஒரு கோரிக்கை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் நம் கையிருப்பு ஒரு சீசனின் டயர்ச் செலவுக்கே பற்றாது. காரின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நம் பெயரை ஒட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நரேன் வளர்ந்த வழியைப் பார்த்தாலும், வீட்டுக்குப் பக்கத்தில் மாருதி இன்ஜின் வைத்துக் கட்டிய மலிவான கார் இருந்தது, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். கரியில் இன்றும் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 அந்த வழியில் வந்த கார்தான். பெயரில் 4 இருந்தாலும் எஃப்ஐஏ ஃபார்முலா 4 வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். சாம்பியன் ஒருவரை உருவாக்கும் வசதி நமக்கில்லை. பந்தயம் நடக்கத் தேவையான ஆட்களைத் தயார் செய்ய முடியும். ஸ்பான்சர் யோசனையைச் செயற்குழு கைவிட்டது இந்தக் காரணத்தால்தான். எதிர்த்துப் பேசியவர்கள் இன்றும் அரங்கில் இருக்கிறார்கள். அவர்களும் பேசட்டும்.

அதற்குப் பதிலாகப் பணம், தடத்தின் ஓரம் நின்று கொடி காட்டும் மார்ஷல்களுக்குப் போகிறது. கரி 2.1 கிலோமீட்டர்தான். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கோ 3.7 கிலோமீட்டர். நம் கரியில் நேர்ப்பாதை குறைவு, வளைவுகள் அடுத்தடுத்து வரும், முந்துவது கஷ்டம். தகுதிச் சுற்றில் பின்தங்கிய பையன் முதல் சுற்றிலேயே இடம் பிடிக்கப் பார்ப்பான், இடிப்பான். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அப்போது ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில்தான் அடுத்து வருபவனின் பாதுகாப்பு இருக்கிறது. போதாததற்கு, அக்டோபர், நவம்பரில் நம் ஊரில் மதியத்துக்குமேல் மழை. டிராக்கின் ஒரு பாதி காய்ந்திருக்கும், மறுபாதி வழுக்கும். தடம் வழுக்கும் என்று சொல்லும் மஞ்சள்-சிவப்புப் பட்டைக் கொடியை எப்போது எடுப்பது, எப்போது இறக்குவது என்று நிதானம் தெரிந்தவர்கள் அங்கே நிற்க வேண்டும். புத்தகம் படித்து வருவதில்லை இது, பழைய மார்ஷலின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். ஆர்வமுள்ளவர்களை அமைப்பாளர்களின் மார்ஷல் பயிற்சிக்கு அனுப்பவும், அவர்களுக்கு நல்ல மழைக்கோட்டு, ஷூ, காதடைப்பான் வாங்கவும் தொகை ஒதுக்கியிருக்கிறோம். காதடைப்பான் தேவையா என்று கேட்ட உறுப்பினரை ஒரு பந்தயம் முழுக்க பிட் (கார்களைப் பழுதுபார்க்கும் இடம்) சுவர் ஓரம் நிற்கவைக்கலாம் என்று தலைவர் சொன்னார். பிறகு அந்த உறுப்பினர் கேட்கவில்லை.

இரண்டாவது, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களைப் பந்தய நாளுக்கு அழைத்துப் போவது. லேத், ஃபவுண்டரி என்று இரும்போடு வளர்ந்த ஊர் இது. ஒரு கார் தடத்தில் ஓட, பிட்டில் டயர் அழுத்தம் பார்ப்பவர், சஸ்பென்ஷன் மாற்றுபவர், டேட்டா படிப்பவர் என்று எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான், இந்த வேலைகள் பல. மாணவிகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பெண்களுக்கான எஃப்1 அகாடமி 2023 முதல் ஃபார்முலா 4 வகைக் கார்களில்தான் நடக்கிறது என்பதை அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

பந்தய நாட்களில் உக்கடத்திலிருந்து வேன் ஏற்பாடு செய்யப்படும். திரும்பும் நேரம் முன்கூட்டியே சொல்லப்படும். அந்த நேரத்துக்கு வராதவர்களுக்காக வண்டி நிற்காது. கார் வைத்திருப்பவர்கள் தனியாக வராமல் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்தால் நல்லது.

மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் தருபவர்கள் இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியுமா என்று வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்டுவிட்டுத் தரவும். கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் ஒரு கொடிமேடை காலியாகும். படிவம் வாசலில் இருக்கிறது.

இந்த அறிக்கையையும், மார்ஷல் பயிற்சிக்கான நிதி ஒதுக்கீட்டுத் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்