ஒழுங்கான கணக்குக்கும் நோட்டீஸ் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வணிக இணைப்பில் சிறு வணிகர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் வரி ஆலோசனை சொல்லும் கட்டுரை வந்திருந்தது. "கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் வராது, அவரை யாரும் ஏமாற்றவும் முடியாது" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அவர் கடை வைத்திருப்பவர் இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

மன்னார்குடியில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறேன். திருச்சிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவரிடம் சரக்கு எடுத்தேன். பில் உண்டு, இ-வே பில் உண்டு, லாரி ரசீது உண்டு. ஜிஎஸ்டியோடு சேர்த்து முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான் போனது. அவரும் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் என் பில்லைக் காட்டினார், நான் வாங்கியதைக் காட்டும் 2பி பட்டியலில் அது வந்தது, ஆடிட்டர் சரிபார்த்துத்தான் இன்புட் எடுத்தார், அதாவது சரக்குக்கு நான் கொடுத்த வரியை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்தார். இதைவிட ஒழுங்கு என்ன வேண்டும்? ஆனால் அந்த ஆள் வரியைக் கட்டுவதற்கான 3பி ரிட்டர்னைப் போடவே இல்லை. என்னிடம் வாங்கிய வரியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு கடையைச் சாத்திவிட்டார். நோட்டீஸ் எனக்கு வந்தது. எடுத்த இன்புட்டை வட்டியோடு கட்டு என்று!

விதியும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30-க்குள் விற்றவர் 3பி போடாவிட்டால், வாங்கியவர் நவம்பர் 30-க்குள் இன்புட்டைத் திருப்பிவிட வேண்டும். அவர் போட்டாரா என்று காவல் காக்க வேண்டியதும் வாங்கியவர்தான். வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் போனவரை விட்டுவிட்டு சரக்கு வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியல்ல என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-லேயே சொன்னது தங்களுக்குத் தெரியாததல்ல. அது கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும்.

அந்த நோட்டீஸும் தபாலில் வரவில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று தனியாக ஒரு மூலை இருக்கிறது, அங்கே போட்டுவிட்டால் நம்மிடம் கொடுத்ததாகக் கணக்கு. அப்படிப் பார்க்காமல் போய், உத்தரவு வந்த பிறகு ஓடியவர்களின் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் எத்தனை! அப்புறம், எல்லாம் ஆங்கிலத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் இங்கே எங்களுக்கு வியாபாரம். விவசாயி கடனுக்குத்தான் மோட்டார் எடுத்துப் போவார், சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகு தருவார். தை, மாசி ஆகிவிடும். நான் பில் போட்ட மறுமாதமே வரி கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரி கட்டுகிறவனுக்குப் பெயர் 'வரி ஏய்ப்பு செய்ய வாய்ப்புள்ள பிரிவு'. தங்கள் கட்டுரையின் சொற்கள்தான்.

பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆலோசனையைப் படித்துவிட்டு வீட்டில் சிரித்தோம். கடையில் நானும் என் மனைவியும் ஒரு பையனும்தான். நான் சாப்பிடப் போனால் அவள் கல்லாவில் உட்காருவாள். யாரை யார் தணிக்கை செய்வது?

அறக்கட்டளை விஷயத்துக்கு வருகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தார்ப்பாயும் அரிசியும் கொடுக்கத் தொடங்கிய சின்ன அமைப்பு எங்களுடையது, இப்போது பிள்ளைகளுக்குக் கல்விச் செலவு கொடுக்கிறோம். நான் பொருளாளர். காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்ற தங்கள் யோசனை முதல் நாளிலிருந்தே எங்களிடம் உண்டு. அதனால் என்ன? புயல் சமயத்தில் எங்கள் பெயரில் போலி ரசீது அடித்து யாரோ வசூலித்தார்கள். புகார் கொடுக்கப் போனால் முதலில் எங்கள் தணிக்கை அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார்கள். திருடனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் 80ஜி அனுமதி வாங்கியிருப்பதால் ஆண்டுதோறும் மே 31-க்குள் நன்கொடையாளர் விவரத்தைப் படிவம் 10பிடி-யில் ஏற்ற வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஐந்நூறு ரூபாய் நீட்டும் பெரியவரிடம் பான் நம்பர் கேட்டால், "உன்னை நம்பித்தானேப்பா கொடுத்தேன்" என்று முகம் சுளிக்கிறார். இதற்கும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அதே பக்கத்தின் கீழே பார்த்தேன், "ஆவணமே இல்லாமல் ஒரே நாளில் ஜிஎஸ்டி பதிவு" என்று கட்டம் கட்டிய விளம்பரம். கூலிக்குப் போகிறவர்களின் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி அவர்கள் பெயரில் போலி நிறுவனம் தொடங்கியதாகச் செய்தி போடுவதும் தங்கள் பத்திரிகைதான். மேலே அறிவுரை, கீழே விளம்பரம். சந்தாதாரர் என்ற உரிமையில் இதைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. டெல்டா பதிப்பில் மாதம் பிறந்ததும் அந்த மாதம் எந்த ரிட்டர்னுக்கு எது கடைசித் தேதி என்று தமிழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் அதில் சேருங்கள். இடமில்லை என்றால் ராசி பலனில் நாலு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பைப் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அச்சிட வேண்டாம், என் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.)