ஆன்சியின் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்

அன்புள்ள மக்களே ஜெறின்,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறியாச்சு. போனில் நீ ‘நல்லா இருக்கோம் அப்பா’ என்பதற்கு மேல் போவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆன்சி மழையில் ஃபுட்பால் மேட்ச் ஆடினதை நீ எடுத்து அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

என் பேத்தி ஆன்சி நல்லா ஆடுகிறாள். தேங்கின தண்ணீரில் மாட்டிக்கொண்ட பந்தை மற்ற பிள்ளைகள் உதைத்து உதைத்துப் பார்க்க, இவள் அடியில் கால்நுனியை விட்டுத் தூக்கிப் போட்டாளே, அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கோச்சாக நிற்கிற நீயும் பிள்ளைகளைத் திட்டாமல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாய். எனக்குப் பெருமைதான். ஆனால் கடைசிப் பத்து நிமிஷம் அவள் கைகளைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டு நின்றதைக் கவனித்தாயா? பக்கத்தில் வந்த பந்தையும் விட்டுவிட்டாள். அது சோம்பல் இல்லை மக்களே. உடம்பு குளிர்ந்துவிட்டது.

இங்கே ஜூன் மாச இடவப்பாதி மழையில் ஆடி வளர்ந்தவன் நீ. அந்த நினைப்பில் அங்கத்த மழையை எடை போடாதே. நம்ம தூத்தூரில் எவ்வளவு கொட்டினாலும் காற்று 24, 25 டிகிரி இருக்கும். மணல் தண்ணீரைக் குடித்துவிடும். இங்கிலாந்தில், உங்கள் லீட்ஸில் 3 டிகிரி, மேலே காற்று, கீழே களிமண். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு எடையைப் பார்க்கத் தோல்பரப்பு அதிகம். நீ நனைந்து நடுங்குவதற்கு வெகு முன்னாலேயே அவள் நடுங்கிவிடுவாள்.

ஜெர்சிக்கு அடியில் அவள் போட்டிருந்தது காட்டன் பனியன் மாதிரித் தெரிந்தது. காட்டன் கூடவே கூடாது. தண்ணீர்ப் பானையில் ஈரத்துணி சுற்றிவைத்த மாதிரி, நனைந்த பனியன் உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். பாலியஸ்டரில் உடம்போடு ஒட்டுகிற முழுக்கை இன்னர் வாங்கு. ஜெர்சிக் கையின் நிறத்தில் வாங்கினால் நடுவர் ஒன்றும் சொல்லமாட்டார். கம்பளி க்ளவுஸ் மலிவானது போதும், ஆனால் இரண்டு ஜோடி வேண்டும். பாதி நேரத்தில் மாற்றத்தான் இரண்டாவது. கன்னத்திலும் முழங்காலிலும் வாஸலின் தடவு. காதுத் தோட்டை வீட்டிலேயே கழற்றிவிடு. விதிப்படி எந்த நகையும் ஆகாது, டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. மைதானத்தில் வைத்து விறைத்த விரலால் திருகைக் கழற்ற முடியாது.

தலைமுடி. வீடியோ முழுக்க ஈரமுடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது, அவளும் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பந்தைத் தலையால் முட்டுகிற ஹெடிங் கிடக்கட்டும், அது அந்த வயசில் வேண்டவும் வேண்டாம். பந்து வருவதே தெரியாமல் நின்றாள். விரித்த முடி தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழுத்தில் ஊற்றும். துளி எண்ணெய் தொட்டு, நடுவகிடு எடுத்து, இரட்டைப்பின்னல் இறுக்கிப் பின்னி, நுனியில் ரப்பர்பேண்ட் போட வேண்டும். கம்பி கிளிப் ஆகாது. முன்னெல்லாம் போட்டோவில் அப்படித்தான் வருவாள், மருமகள் ஷைனி பின்னிவிட்டது. இப்போது அவளுக்கு டியூட்டி என்றாய், சரி. டியூட்டிக்குப் போகும் முன்னால் முதல்நாள் ராத்திரியே பின்னிவிடலாம், காலை வரை நிற்கும். அதற்கும் முடியாவிட்டால் நீ கற்றுக்கொள். அம்மா வீடியோ காலில் சொல்லித் தருவாள்.

பூட்ஸ் விஷயம். 1954-ல் பெர்னில் உலகக்கோப்பை ஃபைனல் மழையில் ஜெர்மனி, பூட்ஸ் அடியில் இருக்கிற குமிழை, அதாவது ஸ்டட்டை, நீளமானதாக மாற்றி ஆடிய கதை பி.டி. படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இரும்பு ஸ்டட் வாங்கிவிடாதே. மோல்டட் ரப்பர் ஸ்டட் போதும். ஸ்டட்டுக்கு நடுவில் சேறு அடைத்துக்கொண்டால்தான் வழுக்கும், காலும் கனக்கும். போடும் முன்னால் அடிப்பாகத்தில் சமையல் எண்ணெய் லேசாகத் தடவினால் சேறு அவ்வளவு ஒட்டாது. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒரு குச்சியால் தோண்டிவிடு. வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணி. ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வை. ஹீட்டர் மேல் வைக்காதே, பசை விட்டுப் பிளந்துபோகும்.

பந்துக்குக் காற்றை வீட்டுக்குள் அடிக்காதே. 20 டிகிரி அறையில் 0.7 பார் அழுத்தத்துக்கு அடித்தால், 3 டிகிரி மைதானத்தில் 0.6 ஆக இறங்கிவிடும். வால்வு பக்கத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு, போன இடத்தில் வைத்து அடி.

மைதானம் ஆடத்தக்கதா என்று பார்க்க அரைமணி முன்னால் போ. இரண்டு கோல்வாயிலும் நடுவிலும் தலை உயரத்திலிருந்து பந்தை விட்டுப் பார். எழும்பாமல் ‘சொத்’தென்று நின்றால், உருட்டிவிட்டு ரெண்டடியில் நின்றால், அங்கே ஆட்டம் இல்லை. குதிகால் வைத்து அழுத்தினால் மேலே தண்ணீர் ஊறி வருகிற இடத்தில் பிள்ளைகளின் முழங்கால் திருகும். அதற்கு நேர்மாறாக, உறைந்துபோய்க் குதிகாலே இறங்கவில்லை என்றால் அது இன்னும் மோசம், விழுந்தால் சிமெண்டுத் தரைதான். தூக்கிவைக்கிற கோல்போஸ்ட்டுக்கு நாலு மூலையிலும் முளை அடித்தோ மணல்மூட்டை வைத்தோ இருக்கிறதா என்று நீயே ஆட்டிப் பார். காற்றடிக்கும் நாளில் இதை மறந்தால் உயிர்ப்பழி.

பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நட. எங்கே புல் நனைந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். நனைந்த புல்லில் பந்து சறுக்கி வேகமாக வரும். தேங்கின தண்ணீரில் செத்துவிடும். சேறு கோல்வாயிலும் நடுவட்டத்திலும்தான் கூடுதல், ஓரங்களில் தரை கொஞ்சம் பிடிக்கும், அதனால் ஓரமாக ஆடச் சொல். ஷாட் தாழ்வாக அடிக்கட்டும், கீப்பர் கையிலிருந்து வழுக்கி வருகிற பந்துக்கு ஒருத்தர் ஓடி நிற்கட்டும். உங்கள் கீப்பர் பிள்ளைக்கு, கையை மட்டும் நம்பாமல் ஒரு முழங்கால் மடித்து உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவரச் சொல். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றின் போக்கில் ஆடு என்பேன். இரண்டாம் பாதிக்கு அந்தக் காற்று இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

இனிதான் முக்கியமானது. ஓடுகிற பிள்ளை குளிராது, நிற்கிற பிள்ளைதான் குளிரும். வெளியே நிற்கிற சப்ஸ்டிட்யூட், அடுத்து கீப்பர். அண்டர்-10, அதாவது பத்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, டீமுக்கு ஏழு பேர், பாதிக்கு 25 நிமிஷம். ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். எதிர் டீமோடு முன்னாலேயே பேசிவைத்து ஆட்டத்தை நாலு துண்டாகப் பிரித்தும் ஆடலாம், பனி கலந்த மழையில் அதைத்தான் கேட்க வேண்டும். அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று. வெளியே வருகிற பிள்ளைக்கு வந்த உடனே கோட், தொப்பி. கீப்பரையும் பாதி நேரத்தில் மாற்று. 1937 கிறிஸ்துமஸ் அன்றைக்குச் செல்சி மைதானத்தில் மூடுபனியால் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சார்ல்டன் கீப்பர் சாம் பார்ட்ரமுக்கு மட்டும் அது தெரியவில்லை. தன் ஆட்கள் எதிர்கோலில் நெருக்குகிறார்கள் என்று நினைத்துத் தனியாகவே நின்றிருக்கிறார். ஒரு போலீஸ்காரர் வந்து சொல்லித்தான் உள்ளே போனார். தனியாக நிற்கிறவர் பக்கம் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் ஜெறின்.

நடுங்குகிற பிள்ளையை வெளியே எடு. ஷூ நாடா கட்ட முடியவில்லை, பேச்சு குழறுகிறது, கால் தடுக்குகிறது, காரணமில்லாமல் அழுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. காரில் ஏற்றி, ஈரத்துணி முழுவதையும் கழற்றி, துவட்டி, காய்ந்த துணியும் கம்பளியும் போட்டு, இனிப்பாக வெதுவெதுப்பான பால் கொடு. கைகாலைத் தேய்க்காதே, வெந்நீரில் முக்காதே. நடுக்கம் நின்றுபோய்ப் பிள்ளை தூங்கிவிழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உடனே 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

ஆட்டத்தை நிறுத்தவும் தெரிய வேண்டும். அங்கே நடுவராக வருவது பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளையாகவும் இருக்கும். நாலு பெரியவர்கள் கத்தும்போது அது விசிலை ஊதி நிறுத்தாது. நீதான் எதிர் டீம் கோச்சையும் கூட்டிக்கொண்டு நடுவரிடம் போய், போதும் என்று சொல்ல வேண்டும். அண்டர்-11 வரை லீக் மேட்ச் ரிசல்ட்டை வெளியிடுவதே இல்லை. பிறகு எதற்கு இழுக்க வேண்டும்? வசந்தகாலத்தில் இடி வந்தால், மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 எண்ணும் முன் சத்தம் கேட்டால் எல்லாரையும் காருக்குள் அனுப்பு. கடைசி இடிக்கு 30 நிமிஷம் கழித்துத்தான் திரும்ப வெளியே.

இதெல்லாம் ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. பந்தும் நீ, ஃபிளாஸ்க்கும் நீ, துண்டும் நீ, ஆள் மாற்றுவதும் நீ என்று வீடியோவில் தெரிகிறது. உன் கோட்டைக் கழற்றி வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு நிற்கிறாய். நல்ல காரியம்தான், ஆனால் நீயும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் ஆன்சியை யார் பார்ப்பது? ஒரு தாயிடம் துண்டுப் பையைக் கொடு, ஒரு தகப்பனிடம் கடிகாரத்தைக் கொடு. கேட்டால் செய்வார்கள். கேட்பதில் உனக்கு என்றைக்கும் ஒரு தயக்கம், ராயப்பன் மாமா விஷயத்திலும் அப்படித்தான் செய்தாய். அப்பாவிடம் எதையும் சொல்லலாம். திட்டமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்ச் என்றால் பூசைக்குச் சாயங்காலமாவது போங்கள். மூன்று பேரும் சேர்ந்து போங்கள்.

கம்பளி க்ளவுஸ் இங்கே கிடைக்காது, அங்கேயே வாங்கு. சுக்கும் கருப்பட்டியும் அனுப்புகிறேன். ஆன்சிக்குப் பாலில் கருப்பட்டி போட்டு, சுக்கு ஒரு சிட்டிகை மட்டும் போடு, கூடினால் குடிக்கமாட்டாள்.

இதே கவரில் அம்மா ஷைனிக்கு எழுதினது தனியாக ஒட்டிவைத்திருக்கிறது. நான் படிக்கவில்லை. அதை அவள் கையில் கொடு. டியூட்டிக்காக அவள் வேறு விலாசத்தில் தங்கியிருந்தால் அந்த விலாசத்துக்கு அனுப்பிவிடு, அனுப்பின விவரத்தை எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா