அடினா அம்மாவின் சுவர்

அன்புள்ள கோமு,

நாங்கள் எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் கடிதமே போடுவதில்லை என்று நீ சரோஜாவிடம் புலம்பியது டெக்சாஸ் வரை வந்துவிட்டது. திட்டிக்கொள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

மாதர் சங்கச் செயலாளர் பதவியை விடப்போகிறாயாமே? கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. உன்னிடம் அடினா டி சவாலா கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கே சான் அன்டோனியோவில் அலமோ இருக்கிறது. ஸ்பானியப் பாதிரிமார் மிஷனாகக் கட்டி, பிறகு கோட்டையான இடம். 1836 மார்ச் 6 அன்று மெக்சிகோ படை உள்ளே புகுந்து, மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் பிரியப் போராடியவர்களைக் கொன்றது இங்கேதான். அதன் தேவாலயத்தை 1883-லேயே மாநில அரசு வாங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த நீளமான கட்டடமோ மளிகை மொத்த வியாபாரிகள் கையில். சண்டை மும்முரமாக நடந்ததே அதற்குள்தான் என்று அடித்துச் சொன்னவர் பள்ளி ஆசிரியையான அடினா. ஊர்ப் பெண்களைத் திரட்டினார். 1893-இல் அந்தக் குழு, 'டெக்சாஸ் குடியரசின் மகள்கள்' சங்கத்தின் கிளை ஆனது.

கட்டடத்தை வாங்கப் பணம்? பண்ணைக்காரர் மகள் கிளாரா டிரிஸ்கால் வந்தார். விலை 75,000 டாலர், பெரும்பங்கு அவர் கைக்காசு. 1905-இல் அரசு அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அலமோவைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டது.

அப்புறம்தான் சண்டை. அது வெறும் மளிகைக் கிடங்கு, தேவாலயத்தின் அழகைக் கெடுக்கிறது, இடித்துவிடலாம் என்றது கிளாரா தரப்பு. கிடங்கின்மேல் அடித்த பலகைகளுக்குப் பின்னால் மிஷன் காலத்துக் கல்சுவர் நிற்கிறது என்றார் அடினா. 1908 பிப்ரவரியில் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். மூன்று நாள், கோமு! வயது 46. வெளியே ஷெரீஃப்.

வழக்கில் கிளாரா பக்கம் ஜெயித்தது. தான் வளர்த்த சங்கத்திலேயே அடினாவுக்கு இடமில்லை. 1913-இல் மாடிச் சுவர்களை இடித்தார்கள். கீழே இருந்த கல்சுவர் தப்பியது. அது பழைய சுவர்தான், அந்த அம்மா சொன்னதுதான் சரி.

கிளாராவை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பணம் இல்லாவிட்டால் சுவரும் இல்லை. ஆனால் 'அலமோவைக் காத்தவர்' என்ற பட்டம் அவருக்கு மட்டும் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று அதைவிட வலிக்கிறது. அடினாவின் தாத்தா லொரென்சோ மெக்சிகோவில் பிறந்தவர், டெக்சாஸ் குடியரசின் முதல் துணை ஜனாதிபதி. டெக்சாஸ் பக்கம் நின்று அலமோவுக்குள் உயிர்விட்ட கிரெகோரியோ எஸ்பார்சா இந்த ஊர் மெக்சிக வம்சத்தவர். இருந்தும், மெக்சிகர் என்றாலே எதிரி என்பதுபோலத்தான் இந்தக் கதையை வெகுகாலம் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியேற்றிய பிறகும் அந்த அம்மா ஓயவில்லை. 1912-இல் வேறொரு சங்கம் தொடங்கினார். இந்த ஊர் ஸ்பானிய ஆளுநர் மாளிகை இன்று நிற்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1955-இல், 93 வயதில் காலமானார். பழைய சங்கம் அலமோ நிர்வாகத்தை 2015 வரை வைத்திருந்தது. அதன் பிறகு அது மாநில நிலத்துறை கைக்குப் போனது.

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாயா, இல்லையா? இல்லையென்றால் நான் வரும்வரை பொறு. கொடுத்துவிட்டாலும் சரி, பெரியக்கா காலத்து மினிட்ஸ் நோட்டுகளை மட்டும் யார் கேட்டாலும் தராதே. உன் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும். பொங்கலுக்கு வந்ததும் நாம் இருவரும் உட்கார்ந்து படி எடுக்கலாம்.

உன்
ராஜி