என் இடப்பக்கத்தைப் பார்ப்பவர்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியை என் மனைவி உரக்கப் படிக்க, நான் மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். நோயைப் பற்றி மருத்துவர்கள் சொல்வது இருக்கட்டும், உன் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். அதற்கே விரிவாக எழுதுகிறேன்.

என் மூளைக் கட்டியிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்த பயாப்சியில் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய், மிகத் தீவிரமான தரம் 4 என்று வந்தது உனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டாலும், அதன் செல்கள் சுற்றியுள்ள நல்ல திசுவுக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருப்பதால், முழுவதும் போய்விட்டது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆறு வாரக் கதிர்வீச்சு, அதனுடன் தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை, பிறகு 28 நாள் சுழற்சியில் முதல் ஐந்து நாள் அதே மாத்திரை என்ற முறை, 2005-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வில் இச்சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 14.6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் உயிருடன் இருந்தார்கள். நீ எப்படியும் தேடிப் படித்திருப்பாய் என்பதால் எண்களை மறைக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் என் நாட்களை அதிகம் ஆட்கொள்வது இந்த எண்கள் அல்ல, வேறொன்று.

என் கட்டி இருந்தது மூளையின் வலது பரைட்டல் பகுதியில், அதாவது வலப்பக்கம் உச்சியின் பின்புறத்தில். உடலின் இடப்பக்கத்தையும், நமக்கு இடப்புறம் இருப்பவற்றையும் கவனத்தில் வைத்திருப்பதில் இந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. என் கண்களில் குறை இல்லை; இடப்புறம் பார்க்க வேண்டும் என்ற எண்ணந்தான் எழுவதில்லை. தட்டின் இடது பாதியில் உணவு அப்படியே இருக்க, சாப்பிட்டு முடித்துவிட்ட நிறைவோடு எழுந்து விடுகிறேன். நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொள்கிறது. வாசிக்கும்போது வரியின் தொடக்கச் சொற்கள் நழுவிப்போய், பொருள் பிடிபடாமல் திகைக்கிறேன். மறுவாழ்வுப் பயிற்சி தருபவர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார்: பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டு, அந்தக் கோட்டைக் கண்ணால் தொட்ட பிறகே ஒவ்வொரு வரியையும் தொடங்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் அப்படிக் கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன்.

கால் முறிந்தவனுக்குக் கால் முறிந்தது தெரியும். எனக்கோ, எது குறைந்திருக்கிறது என்று கண்டறிய வேண்டிய உறுப்பே பழுதுபட்டிருக்கிறது. ஒரு காரியத்தை நான் முழுவதும் செய்துவிட்டேன் என்ற உறுதி எனக்குள் பழைய வலிமையோடுதான் எழுகிறது. அது பொய் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரிகிறது. களைப்பையும் மாத்திரைகளையும்விட இதற்குப் பழகுவதுதான் கடினமாக இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் தன் கண்ணால் கண்டதைவிட இன்னொருவரின் சொல்லை நம்பக் கற்றுக்கொள்வது எளிதல்ல.

அதற்காக எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும் நான் சம்மதிக்கவில்லை. சாலையைக் கடப்பது, அடுப்பு, மருந்துப் பெட்டி ஆகியவற்றில் மனைவியின் சொல்லே முடிவு. வலிப்பு வந்த அன்றோடு வண்டி ஓட்டுவதும் நின்றுவிட்டது. மற்றவற்றில் நான் தடுமாறினாலும் நானே செய்வேன், நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். கோபத்தைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. வலிப்பைத் தடுக்க நான் சாப்பிடும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலை உண்டாக்கும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் மாத்திரையின் மேல் பழிபோட்டு எல்லோரும் அமைதியாகிவிட்டால், நியாயமான கோபத்துக்கு எனக்கு இடமே இல்லாமல் போய்விடும். என்னோடு பழையபடி வாதாடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன்.

மூளை வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்தது, தொடைத் தசைகளைத் தளரச் செய்தது. அளவைக் குறைத்த பின் தேறி வருகிறேன். கதிர்வீச்சு முடிந்து எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பழைய இடம் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. கதிர்வீச்சின் விளைவாகவே முதல் சில மாதங்களில் கட்டி வளர்ந்ததுபோன்ற தோற்றம் ஏற்படுவதுண்டு என்றும், அது உண்மையான வளர்ச்சிதானா என்பதை அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டே சொல்ல முடியும் என்றும் விளக்கினார்கள். ஆகவே இப்போது காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பில் என் மனைவி என்னைவிட அதிகம் துன்பப்படுகிறாள். தனக்கொன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறாள். நீ எழுதும்போது அவளுக்கென்று தனியாக நான்கு வரி எழுது.

இன்னொன்றும் உண்டு. முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே, நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். பின்னொரு நாள் நான் வேறுவிதமாகப் பேசக்கூடும். அப்போது எந்தப் பேச்சை என் பேச்சாகக் கொள்வது என்ற சுமை அவள் ஒருத்தியின் தலைமேல் விழக் கூடாது. என்னை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவன் நீ. அந்தத் தாளைப் படித்து, இது நான் எழுதியதுதான் என்று உனக்குத் தோன்றுகிறதா என்று சொல். தோன்றாத இடங்களை என்னிடமே கேள், உட்கார்ந்து திருத்திவிடுவோம். மதியத்துக்கு மேல் எனக்குக் களைப்பு மிகுந்துவிடும், பலர் ஒரே நேரத்தில் பேசினால் பின்தொடர முடிவதில்லை. ஆகவே காலையில், தனியாக வா.

அன்புடன்,
உன் நண்பன்